கரை சேர்ந்தவன்

பீரோவைத் துடைக்கும்போது புடவைகளுக்கு அடியிலிருந்து அந்தச் சந்தன சோப்பு வந்தது. கச்சத்தீவுத் திருவிழாவில், இலங்கையிலிருந்து வந்த ஒரு அம்மாளிடம் நீ வாங்கி என் கையில் திணித்தது. உறை வெளுத்துவிட்டது. வாசனை மட்டும் போகவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ பாம்பனிலிருந்து திருவண்ணாமலைக்கு நர்ஸ் வேலைக்கு வந்தபோது, அதே ஆஸ்பத்திரியில் நான் மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்தேன். கடலுக்குப் போன உன் கணவன் திரும்பவில்லை, படகு மட்டும் கவிழ்ந்து கிடைத்தது என்று முதல் வாரமே சொன்னாய். உடல் கிடைக்காததால் நீ தாலியைக் கழற்றவில்லை. கண் மங்கிப்போன அவன் அம்மாவையும் உன்னோடு கூட்டி வந்திருந்தாய்.

எக்ஸ்ரே எடுக்கிறவர் உன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். நல்ல மனிதர். "இன்னும் எவ்ளோ நாள் இப்டியே இருப்ப? சரின்னு சொல்லுடீ" என்று நான் கெஞ்சினேன்.

"உடம்பு வரலையேடீ. ஒருவேள உசுரோட வந்து நின்னுட்டா?"

அவர் காத்திருந்து பார்த்துவிட்டு, கீழ்பென்னாத்தூரில் பெண் எடுத்தார். நீ நல்ல சேலை கட்டிக்கொண்டு அந்தக் கல்யாணத்துக்கும் வந்தாய்.

பௌர்ணமிக் கூட்டம் மலை சுற்றிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம், "இவங்க நடந்தே கேட்டுர்றாங்க. நான் கடல் தாண்டிப் போயி கேக்கணும்" என்பாய். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் உங்கள் அந்தோணியார். வருஷா வருஷம் கச்சத்தீவில் அவரிடம் போய் நின்றாய். ஒரு வருஷம் நானும் உன்னோடு வந்தேன்.

படகில் வழியெல்லாம் வாந்தி எடுத்தேன். ராஜகோபுரம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கோயில் அத்தனை சின்னதாகத் தெரிந்தது. புயலில் பிழைத்த மீனவர்கள் நேர்ந்துகொண்டு கட்டியது, கல்லும் சுண்ணாம்பும்கூடப் படகில்தான் வந்தது என்றாய். பக்கத்தில் புதிய கோயில் இருந்தும் நீ பழையதில்தான் முட்டி போட்டாய். கொடியேற்றியவர்கள் படகில் பாய் ஏற்றுவதுபோல ஒரே குரலில் சத்தம் போட்டுக் கயிற்றை இழுத்தார்கள். கயிற்றின் முடிச்சைக் காட்டி, "நங்கூரத்துக்குப் போடுறது. எங்காளுங்களுக்கு இதத் தவிர வேற முடிச்சுத் தெரியாது" என்று சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலைப் பூசை முடிந்து கூட்டம் கலைந்தபோது, இலங்கைக்காரர்கள் நடுவில் ஒருவன் தோளில் குழந்தையோடு நின்றான். பக்கத்தில் மஞ்சள் சேலையில் ஒருத்தி. உன் கை மெழுகுவர்த்தி சாய்ந்து உன் சேலையில் ஒழுகியது. நீ அவன் பேரைச் சொன்னாய். அவன் திரும்பினான். அப்படிச் சட்டென்று திரும்பினானே, அதைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா நல்லாருக்கு. கண்ணுதான் தெரியல" என்று மட்டும் சொன்னாய்.

"ஆரப்பா இவ?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஆரெண்டு தெரியேல்ல. ஆள் மாறிக் கூப்பிட்டிட்டா."

பேச்சைக்கூட மாற்றிக்கொண்டிருந்தான். நான் அவன் சட்டையைப் பிடிக்கப் போனேன். நீ என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாய்.

"விடுடீ. கொழந்த பாக்குது."

திரும்பும் படகில், "அவங்கம்மாகிட்டயாவது சொல்லிடு. யாருக்காக இப்டி மூடி மறைக்கிற?" என்று கத்தினேன்.

"செத்த மகன் சாமிகிட்ட இருக்கான்னு நெனச்சு அது நிம்மதியா தூங்குது. தூங்கட்டும். நீயும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாய்.

தாலியைக் கழற்றினால் மாமியார் காரணம் கேட்பார்களே என்று அதையும் கழற்றவில்லை. பிறகு மார்பில் புற்றுக்கட்டி வந்தபோது, ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்த நீ முற்றும்வரை யாரிடமும் காட்டவில்லை. பிழைக்க உனக்கு ஆசையில்லை என்று எனக்குப் புரிந்தது. அவன் மேல் இருக்கிற கோபத்தைவிட உன் மேல் இருக்கிற கோபம் எனக்கு ஜாஸ்தி.

உன் கல்லறைச் சிலுவையில் உன் பேருக்குக் கீழே, கடலில் மறைந்த இன்னாரின் மனைவி என்று எழுதினார்கள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பெயிண்டர் என்னைத்தான் கேட்டான். இல்லை என்றேன்.

உன் மாமியாருக்கு இப்போது நான்தான் சோறு கொண்டுபோகிறேன். அவர்களுக்கு எதிரில் உட்காரும்போதெல்லாம் நீ வாங்கிய சத்தியம்தான் என் வாயைக் கட்டிப்போடுகிறது. நேற்றுச் சாப்பிட்டு முடித்ததும் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார்கள்.

"போன எடத்துல அவ எம் மகனப் பாத்திருப்பால்ல, தாயி?"

"பாத்துட்டாம்மா" என்றேன்.

அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.