அடங்காத சிம்பல்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், என் காது ஒன்றைத் தவிர. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே, ஆனால் பாதியிலேயே பதறிப்போய்ப் போனை எடுக்காதே, முழுக்கப் படி. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே மாடி வீட்டுக்காரர் ஒருவழியாகக் குழாயைச் சரி செய்துவிட்டார், நம் சமையலறைச் சுவரில் ஈரம் காய்ந்து வருகிறது. அம்மாவுக்குப் பள்ளிச் சீருடைத் தையல் குவிந்து கிடக்கிறது, சாப்பிடக் கூப்பிட்டால் இதோ இந்த ஒரு காலர் என்கிறாள், அந்த ஒரு காலர் முடிவதே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் எங்கள் அரங்கில் போஸ்ட்மாஸ்டர் கச்சேரி நடந்தது, ஓய்வு பெற்றதும் இனிமேல் பாடியே தீருவேன் என்று கிளம்பினாரே, அவரேதான். நல்ல கூட்டம். பாட்டையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து கொடுக்கும் மிக்ஸரில் வழக்கம்போல நான். அன்றைக்குப் பதிவானதைத்தான் அவருடைய முதல் ஆல்பமாகக் கொண்டுவருவதாக ஏற்பாடு. முதலும் கடைசியும் என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் கச்சேரி முடிந்த கையோடு மனிதருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. பேசுவதற்கு நாளாகும், பாட்டை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுபடி பாடி எடுத்துக்கொள்ள வழியே இல்லை, இருப்பது இந்த ஒரு பதிவுதான். பாட்டு எப்போது வரும் என்று அவர் தாளில் எழுதி எழுதிக் காட்டுகிறாராம்.

அந்தப் பதிவை வீட்டில் போட்டதும் அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். டிரம்ஸோடு நிற்குமே பித்தளைத் தட்டு, சிம்பல், அது பாட்டுக்குப் பாட்டு போஸ்ட்மாஸ்டர் குரல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதாம். எனக்கு அப்படி ஒன்றும் படவில்லை, என் தலை நரைத்ததே இந்தத் தொழிலில்தான், நீ தையலைப் பார் என்றேன். சாயங்காலமே போஸ்ட்மாஸ்டர் மகனும் பதிவைக் கேட்டுவிட்டுப் போன் செய்து, உன் அம்மா சொன்னதையே சொன்னான். சரி, அப்படியானால் அடித்தவன் குற்றம் என்று முடிவு கட்டி, இடியின் சைக்கிள் கடைக்கே போய்விட்டேன். இடி என்பது டிரம்ஸ் வாசிக்கிறவனுக்கு நாங்கள் வைத்த பெயர். வாடிக்கையாளர் முன்னாலேயே அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவன் கை கிரீஸைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல், "அண்ணே, நான் மெதுவாத்தான் தட்டினேன். நீங்கதான் மிக்ஸர் பக்கத்துல நின்னு இன்னும் இன்னும்னு கையைக் காட்டினீங்க" என்றான்.

காட்டினேன்தான். அன்றைக்கு எனக்குச் சிம்பல் கேட்கவே இல்லை, பயல் தூங்கிவழிகிறான் என்று நினைத்து அவனையும் உசுப்பி, மிக்ஸரிலும் ஏற்றி வைத்திருக்கிறேன். கோளாறு அவன் கையில் இல்லை, என் காதில்தான் என்று கடை வாசலிலேயே புரிந்துவிட்டது. அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நேராகக் காது டாக்டரிடம் போனேன். கனத்த சத்தமெல்லாம் எனக்கு வாலிபன் மாதிரி கேட்கிறதாம், சாவிக்கொத்து குலுங்குவது, குருவி கத்துவது போன்ற மெல்லிய கூரிய சத்தங்கள் போய்விட்டனவாம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். காதில் வைக்கும் மிஷினுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தேன், அது வர நாளாகும்.

அதுவரை போஸ்ட்மாஸ்டரைக் காக்க வைக்க எனக்கு மனசில்லை. எல்லாம் ஒன்றாகக் கலந்த பிறகு பதிவானது என்பதால் சிம்பலை மட்டும் தனியாகப் பிடித்து இறக்க முடியாது, டீயில் கரைந்த சர்க்கரையைத் திரும்பக் கேட்பது போலத்தான். ஆனால் தொழில் காதில் மட்டுமா இருக்கிறது? கம்ப்யூட்டர் திரையில் சத்தம் படமாக ஓடும், சிம்பல் விழும்போதெல்லாம் உச்சியில் பளிச்சென்று ஒன்று எழும்பும். முதலில் அந்த உச்சியை மொத்தமாக வெட்டினேன். அம்மா கேட்டுவிட்டு, போஸ்ட்மாஸ்டர் பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடுவது போல இருக்கிறது என்று சிரித்தாள். அவர் குரலில் ச, ஸ வரும் இடங்களும் அங்கேதான் குடியிருக்கின்றன, அவையும் சேர்ந்து போய்விட்டன. எனவே தட்டு விழும் அந்த நொடியில் மட்டும் அழுத்தி, உடனே விட்டுவிடுகிற மாதிரி மாற்றி அமைத்தேன். எவ்வளவு அழுத்துவது என்பதுதான் பாக்கி, அதற்கு அம்மா. காலரையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு என் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தாள், குத்தும் இடத்தில் விரலைத் தூக்குவாள், நான் இறக்குவேன். இன்னும் ஒரு நூல் குறையுங்கள் என்பாள், போதும், அரை நூல் ஏற்றுங்கள் என்பாள். ஒரு பாட்டுக்குச் சண்டையே வந்தது, ஜெயித்தது அவள்தான். உன் அம்மாவுக்கு இப்படி ஒரு காது இருப்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்ததும் முதல் பாட்டிலிருந்து போட்டுக் கேட்டேன். என் காதில் சிம்பலே இல்லை. திரையில் எழும்புகிறது, அறையில் இல்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, பயந்துவிட்டேன், ஏற்றிவிடக் கை தானாகப் போனது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க. அவர் குரலும் கேக்குது, தட்டும் கேக்குது. சரியா இருக்கு" என்றாள். அப்படியே போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். சரியான வேலைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

நீ வேலையில் நாள் முழுக்க ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பேசுகிறவள், சத்தத்தைக் குறைத்து வை, இது அப்பாவின் கண்டிப்பான உத்தரவு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இருவரும் மனம் ஒத்து, குறைவில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். பாட்டுகளை உனக்கும் அனுப்பியிருக்கிறேன். மறக்காமல் ஒன்று செய், மூன்றாவது பாட்டின் நடுவில் போஸ்ட்மாஸ்டர் நிறுத்திய பிறகு சிம்பல் தனியாக ஒரே ஒரு முறை விழும். அளவு சரியா என்று நான் கேட்கவில்லை, அதை அம்மா பார்த்துக்கொண்டாள். அந்தச் சத்தம் எப்படி இருக்கிறது என்று எனக்கு விவரமாக எழுது.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா