பின்வாங்கி நின்று அடித்தவளுக்கு

நேற்று சாயங்காலத்திலிருந்து கடையின் பின்னறையில் மரிக்கொழுந்து வாசனை அடிக்கிறது. ஈர ஸ்வெட்டர் வாடையும் சூடேறிய டிவிப் பெட்டி வாடையும் மட்டுமே தெரிந்த அறை இது. இங்கே மரிக்கொழுந்துக்கு என்ன வேலை என்று அத்தாகூடக் கேட்டார். உன் நாத்தனார் செல்வி வந்துவிட்டுப் போனதைச் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு நீ வைத்துக்கொள்ளும் அதே வாசனையை அவளும் தலையில் வைத்திருந்தாள். அவள் உள்ளே நுழைந்ததுமே எனக்கு வயிறு எரிந்துவிட்டது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ முதன்முதலாக இந்த அறைக்குள் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொடைக்கானலில் சீசன் முடிந்து மழை பிடித்திருந்தது. முன்னால் அத்தாவின் ஸ்வெட்டர் கடை, பின்னால் அண்ணன் புதிதாகப் போட்டிருந்த கேம் கடை. டூரிஸ்ட் யாரும் இல்லாததால் அண்ணன் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஆள் இல்லாத நேரத்தில்தான் ஜாய்ஸ்டிக்கைத் தொட எனக்கு அனுமதி. எதிரே சாக்லேட் கடையில் வேலை பார்க்கும் வில்பட்டிப் பெண் என்ற அளவில்தான் அப்போது உன்னைத் தெரியும். காற்றில் குடை திரும்பிக்கொள்ள, ஒதுங்குவதற்காக உள்ளே வந்தாய். திரையில் இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாய்.

"இவங்க ரெண்டு பேருக்கும் என்னா சண்டை?"

"ஒண்ணுமில்ல. சண்டை போடுறதுதான் கேமே."

"அப்ப இன்னொண்ணக் குடு. நானும் போடுறேன்."

எந்தப் பொத்தான் உதை, எந்தப் பொத்தான் குத்து, பின்னால் இழுத்தால் தடுக்கும் என்று நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். அன்று சிரித்துச் சிரித்துத் தோற்றாய். மறுநாளும் வந்தாய். அந்த மழைக்காலம் முடியும் முன்பே என்னை ஜெயிக்க ஆரம்பித்துவிட்டாய், பிறகு அண்ணனையும்.

எனக்கு அந்த ஆட்டத்தில் எல்லா வித்தையும் தெரியும். கையிலிருந்து தீப்பந்தம் வரவழைக்கத் தெரியும், சுழன்று உதைக்கத் தெரியும். கட்டை விரலில் தோல் உரியும் வரை பழகியிருந்தேன். உனக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. தடுப்பாய், ஒரு அடி பின்வாங்குவாய், நிற்பாய். பொறுமை இழந்து நான் குதிப்பேன். நான் தரையில் கால் வைக்கும் இடத்தில் உன் உதை தயாராக இருக்கும்.

"எப்படிடீ கரெக்டா அடிக்கிற?"

"குதிச்சா எங்கிட்டுப் போவ? எறங்கித்தான ஆகணும்."

சண்டை ஆட்டத்தில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. சீட்டாட்டம் என்றால் வந்த சீட்டைக் குறை சொல்லலாம். கிரிக்கெட் என்றால் கூட ஆடியவர்களைச் சொல்லலாம். இதில் எதிரே ஒருத்தி, இந்தப் பக்கம் நான், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஜாய்ஸ்டிக். தோற்றால் தோற்றது நான்தான். அதனால்தானோ என்னவோ, அந்த ஆட்டத்தில் வரும் பொறாமைக்கு ஈடாக வேறெதிலும் நான் பொறாமைப்பட்டதில்லை. நீ தூங்கும்போதும் உன் கை பழகிக்கொண்டிருக்கிறதோ என்று நினைத்துப் புரண்டு படுத்திருக்கிறேன்.

ஒருநாள் வாய்விட்டே கேட்டேன், ஒரே ஒரு தடவை எனக்கு விட்டுக்கொடு என்று. நீ திரையைப் பார்த்தபடியே சொன்னாய்: "விட்டா ஒனக்குத் தெரிஞ்சிரும் நூரு. அப்பறம் எங்கூட ஆட மாட்ட."

அடுத்த மே மாதம் சீசன் களைகட்டியது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரி வரைக்கும் கூட்டம். சென்னைக் கல்லூரிப் பையன்கள் ஒரு கூட்டமாக உள்ளே வந்தார்கள். அதில் கண்ணாடி போட்ட ஒருவன் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. வருகிறவர்களையெல்லாம் வரிசையாகத் தோற்கடித்தான். உள்ளூர்ப் பையன்களையும் விடவில்லை, கடைசியில் என் அண்ணனையும். அண்ணன் முகம் சிவந்துபோயிற்று. நான் அவன் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன். நான் ஆடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் என்னைத் தாண்டி வாசலுக்குப் போய் எதிர்க் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"தங்கச்சி, வெரசா வா. ஒரு சோலி இருக்கு."

தங்கச்சி என்றான். பக்கத்தில் நின்ற நான் யார்?

புறங்கையில் சாக்லேட் ஒட்டிக்கொண்டிருக்க நீ வந்து உட்கார்ந்தாய். ஒரு பெண்ணோடு ஆடுவதா என்று பையன்கள் சிரித்தார்கள். நீ எப்போதும்போலத் தடுத்தாய், பின்வாங்கினாய், நின்றாய். கண்ணாடிக்காரன் குதித்தான். நான் எங்கே விழுவேனோ அதே இடத்தில் அவனும் விழுந்தான். அறையில் கூரை பிய்த்துக்கொள்ளும் அளவுக்குச் சத்தம். அவன் மறுபடி ஆடினான், மறுபடி தோற்றான். எழுந்து உனக்குக் கை கொடுத்து, யார் சொல்லித்தந்தது என்று கேட்டான்.

நீ என்னைக் கை காட்டினாய். "இந்தா, இவதான்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உன் முகத்தில் கேலி இல்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ கொஞ்சம் கர்வம் பிடித்தவளாக இருந்திருந்தால் உன்னை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

இரண்டு வருடம் கழித்து உனக்கு ஒட்டன்சத்திரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. காய்கறி மண்டியில் லோடு ஏற்றி அனுப்பும் வேலை. நல்ல மனிதர். நீ மலையிறங்கிப் போன பிறகு அந்த ஜாய்ஸ்டிக்கில் என்னை ஜெயிக்க ஊரில் யாரும் இல்லை. ஜெயித்து ஜெயித்துச் சலித்துப்போனேன்.

ஒரு மத்தியானம் நீ போன் செய்தாய். "நூரு, அவர் வாங்கிக் குடுத்த செல்லுல ஒரு கேம் கெடக்கு. கட்டம் கட்டமா இருக்கு. சிப்பாய்ங்கள நிறுத்தி வச்சு ஆடணும். நம்ம ஒண்ணு நகத்துனா அடுத்தாளு ஒண்ணு நகத்தணும். அவசரமே இல்ல. கொழம்பு கொதிக்கயில ஒண்ணு, வடிச்சு எறக்குனதும் ஒண்ணுன்னு ஆடலாம்."

"யார்கூட ஆடுற?"

"எங்க செல்விதான். போன அங்கிட்டும் இங்கிட்டும் மாத்திக்கிருவோம்."

எங்க செல்வி. அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு, நல்லாயிருக்கா என்று கேட்டேன். அன்று ராத்திரியே அண்ணன் செல்லில் அதே ஆட்டத்தைத் தேடி எடுத்துவிட்டேன். உனக்காகவே செய்த ஆட்டம்போல் இருந்தது. விரல் வேகத்துக்கு அங்கே வேலையில்லை. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்று தெரிந்தால் போதும். நீ எப்படி ஆடுவாய் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் கைமாற்றி ஆடும் ஆட்டத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் வேறொருத்தி. மலை மேலிருந்து உனக்கு எதிராக ஒரு சிப்பாயைக்கூட என்னால் நகர்த்த முடியவில்லை.

மஞ்சள் காமாலை என்றார்கள். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னபோது, சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஐப்பசி மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டுக் கிடந்தது. பாதை திறந்ததும் போகலாம் என்று அண்ணன் சொன்னான். பாதை திறக்குமுன் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். அண்ணன்தான் எடுத்தான். கேட்டுக்கொண்டே நின்றவன், போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"தங்கச்சி போயிருச்சு நூரு. எடுத்துட்டாங்களாம்."

நான் அழுதேன். ஆனால் அழுகைக்கு நடுவிலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசிவரை உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் செல்வி. உன் முகத்தைப் பார்த்தவள் அவள். எனக்கு மண் மூடிய பாதைதான் கிடைத்தது.

அந்தச் செல்விதான் நேற்று வந்தாள். கூட வேலை பார்ப்பவர்களோடு ஊர் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறாள். அவர்கள் ஏரிக்குப் போய்விட, இவள் மட்டும் கடையைத் தேடிக் கண்டுபிடித்து வந்தாள். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்தாள். பிறகு பையிலிருந்து செல்லை எடுத்து, "ஆடுவமாக்கா?" என்றாள்.

அது உன் செல். மூலை தேய்ந்திருந்தது.

நான் சிப்பாய்களை முன்னால் தள்ளினேன். அவள் தடுத்தாள், ஒரு கட்டம் பின்வாங்கினாள், நின்றாள். உன் நிதானம் அப்படியே அவள் விரலில் இருந்தது. இது என்னிடமிருந்து தொடங்கியது, இவளுக்கு எப்படிப் போய்ச் சேரலாம் என்று மனம் கொதித்தது. பொறுமை இழந்து ஒரு ஆளை நடுவில் இறக்கினேன். அவ்வளவுதான், சுற்றி வளைத்து முடித்துவிட்டாள். தோற்றதில் கண் கலங்கியதா, உன்னைப் பார்த்ததில் கலங்கியதா என்று எனக்கே தெரியவில்லை.

செல்வி செல்லை மடியில் வைத்துக்கொண்டு, ஓரமாக இருந்த பழைய டிவியைப் பார்த்தாள்.

"அதுலதான் ஆடுவீங்களாக்கா ரெண்டு பேரும்?"

"ஆமா."

"ஒங்க பேச்சு வந்தாலே அண்ணிக்குக் கட்டவிரல் ரெண்டும் தானா ஆடும். எங்கூட ஆடுறப்ப ஒரு நாளும் அப்பிடி ஆடுனதில்ல. 'நூருகூட ஆடுனா வேர்த்துப்போகும் செல்வி'ம்பாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும். அப்பிடி என்னதான் ஆடுனாங்கன்னு பாக்கணும்னுதான் வந்தேன்."

இத்தனை நாளும் நான் மட்டும்தான் எரிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். கீழே ஒட்டன்சத்திரத்தில் ஒருத்தி என்னை நினைத்து எரிந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"எனக்கும் அதச் சொல்லிக்குடுங்கக்கா," என்றாள் செல்வி.

ஜாய்ஸ்டிக் இரண்டும் அலமாரியில்தான் இருந்தன. எடுத்துக் கொடுத்திருக்கலாம். என் கை எழவில்லை. பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"வேற எது வேணாலும் கேளு செல்வி. அத மட்டும் கேக்காத."

அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். செல்லைப் பைக்குள் வைத்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"சரிக்கா. அது ஒங்களோடயே இருக்கட்டும்."

பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே போய் ஏற்றிவிட்டேன். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்ததும் என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தாள்.

திரும்பி நடந்து வரும்போது கணக்குப் பார்த்தேன். கண்ணாடிக்காரன் உன்னிடம் தோற்றிருக்கிறான். அண்ணன் தோற்றிருக்கிறான். செல்வியும் நிறையத்தான் தோற்றிருப்பாள். அவர்கள் ஒவ்வொருவர் மேலும் எனக்கு இன்னும் பொறாமை இருக்கிறது. அது தீரும் என்றும் தோன்றவில்லை, தீர வேண்டும் என்றும் எனக்கு இல்லை. ஆனால் உன்னிடம் அதிகம் தோற்றவள் நான்தான். அந்த இடத்தை இனி எவளும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.