மாதா கோயில் வீதிக் குண்டுக்கரிச்சான்

14 மார்ச் 1976, ஞாயிறு

ட்யூட்டி இல்லாத நாள். ஏழு மணிவரை தூங்கலாம் என்று படுத்தவனை, விடியும் முன்பே வாசல் புங்கமரத்துக் குண்டுக்கரிச்சான் எழுப்பிவிட்டது. கைக்குள் அடங்குகிற கருப்பு வெள்ளைக் குருவி, தொண்டை மட்டும் ஒலிபெருக்கி. தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டேன். பங்கஜவல்லியோ எழுந்து சன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். காபியெல்லாம் அப்புறம்தான்.

"இது பாடி முடிச்சாத்தாங்க எனக்குப் பொழுது விடியும்" என்கிறாள். கல்யாணமாகி இருபது வருஷம், பிள்ளை இல்லை. நான் கரண்டு லைன் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டால் அவளுக்கும்தான் யார் இருக்கிறார்கள்? இருக்கட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்காவது அந்த வித்வான் லீவு விடக்கூடாதா.

3 ஆகஸ்ட் 1976

வீதி நெடுகக் கனத்த கம்பி இழுக்கிறோம். குறுக்கே நிற்கும் மரங்களை எடுக்கச் சொல்லி உத்தரவு. வெட்டுகிற ஆட்களை மேய்ப்பது என் பொறுப்பு. எங்கள் வாசல் புங்கையும் அதில் சேர்த்தி.

சாப்பிடும்போது பங்கஜம் கேட்டாள். "அந்த ஒத்த மரத்த மட்டும் விட்டுடுங்களேன். கெளையக் கழிச்சா போதாதா?"

போதும்தான். அது எனக்குத் தெரியாதா? ஆனால் லைன் இன்ஸ்பெக்டர் தெட்சிணாமூர்த்தி தன் வீட்டு மரத்தை மட்டும் விட்டுவிட்டான் என்று நாலு பேர் பேசுவார்களே. "ஒனக்குக் கரண்டு வேணுமா, குருவி வேணுமா?" என்று எரிந்து விழுந்தேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

9 ஆகஸ்ட் 1976

வெட்டியாச்சு. தண்டில் ஒரு பொந்து, உள்ளே நாரும் வேருமாகக் காய்ந்துபோன கூடு. குஞ்சு இல்லை, நல்லவேளை.

பங்கஜம் சோறு போட்டாள், மோர் ஊற்றினாள். சண்டையாவது போட்டிருக்கலாம்.

22 மார்ச் 1977

குண்டுக்கரிச்சான் வந்தது. நான் இழுத்த கம்பியிலேயே உட்கார்ந்து வாலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. முந்தாநாளும் வந்ததாம். பாடவில்லை.

25 மார்ச் 1977

இன்றைக்கு வரவில்லை.

20 நவம்பர் 1977

புயல் அடித்து ஒரு வாரம். இன்றைக்குத்தான் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வரிச்சிக்குடி வரை போஸ்டுகள் படுத்துக்கிடக்கின்றன. நாங்கள் வெட்டாமல் விட்ட மரங்களைக் காற்று எடுத்துக்கொண்டது. ஊர் மொட்டையாகிவிட்டது.

காற்றுக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் அந்தப் புங்கை நல்ல வைரம் பாய்ந்த மரம். நின்றிருக்குமோ? நின்றிருந்தால் அந்தக் குருவிக்கு ஊரில் அது ஒன்றாவது— எதற்கு இதை எழுதுகிறேன்.

5 ஜூன் 1978

பங்கஜத்துக்கு இன்றோடு ஊசி முடிந்தது. மார்கழியில் தொடங்கிய இருமல், டி.பி. என்றார்கள். தினம் ஒரு ஊசி. இளைத்துத் துரும்பாகிவிட்டாள், ஆனால் பிழைத்துவிட்டாள். மாரியம்மா, உனக்கு மாவிளக்கு போடுகிறேன்.

படுக்கையில் கிடந்த மாதமெல்லாம் அவள் சொன்னது ஒன்றுதான். "விடியிறதே தெரியலங்க. ஒரு சத்தமும் இல்ல."

எனக்கும்தான் எதுவும் கேட்கவில்லை. காக்கைச் சத்தம் மட்டும். கோரமாக இருக்கிறது.

2 அக்டோபர் 1978

மரக்கன்று இலவசமாகக் கொடுத்தார்கள். வாங்கிவந்து கொல்லையில் நாலு நட்டேன். தைலமரம். சரசரவென்று வளருமாம். வளரட்டும், குருவி வரட்டும், அவள் முகம் கொஞ்சம் தெளியட்டும்.

எதிர்வீட்டுத் தையல்கார அடைக்கலராஜ் சந்து வழியாக வந்து வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அண்ணே, எந்தக் குருவிக்குத் தலைவலின்னு தைலம் நடுறீங்க?"

வயிற்றெரிச்சல் பிடித்த மனிதர்.

17 ஜூன் 1981

அடைக்கலராஜ் சொன்னதுதான் சரி. மரங்கள் கூரையைத் தாண்டிவிட்டன, ஒரு சிட்டுக்குருவிகூட உட்காரவில்லை. பூச்சியும் அண்டாத மரத்தில் அவற்றுக்கு என்ன வேலை?

பங்கஜம் சொல்கிறாள், "மரமும் ஒங்கள மாதிரியே. நெட்டையா நிக்கிது, ஒருத்தருக்கும் நெழல் இல்ல." இத்தனை வருஷத்துக்கப்புறம் கேலி செய்கிறாள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்று வருஷம் வீண். முதலிலேயே அவளிடம் கேட்டிருக்க வேண்டும். இன்றைக்குக் கேட்டேன். "பூச்சி வேணும், பழம் வேணும், ஒளிஞ்சிக்க அடர்த்தியா தழ வேணும். வேறென்ன?" என்றாள். அவ்வளவுதான். லைன் போடுவதைவிடவா கஷ்டம்?

9 ஜூலை 1981

தைலமரங்களை எடுத்துவிட்டேன். வரிச்சிக்குடியிலிருந்து பூவரசங்கிளையைப் போத்தாக வெட்டிவந்து வாசலில் ஊன்றினேன். கொல்லையில் நாவலும் நுணாவும். அடைக்கலராஜும் ரெண்டு போத்து வாங்கித் தன் வாசலில் நட்டார். "கம்பியத் தொட்டா நீங்களே வந்து வெட்டுவீங்கல்ல?" என்றார். கழிப்பேன், வெட்டமாட்டேன் என்றேன்.

30 நவம்பர் 1982

பால்காரன் மணியடித்துவிட்டுப் போய்விட்டான். அவன் வரவேயில்லை என்று பங்கஜம் சாதிக்கிறாள். நான் கொல்லையில் நின்று என் காதால் கேட்டேன். கத்திவிட்டேன்.

11 பிப்ரவரி 1984

பூவரசு கம்பிக்குக் கீழே குடைபோல் விரிந்திருக்கிறது. தேன்சிட்டு வருகிறது, கொண்டைக்குருவி ஜோடி வருகிறது. எதிர்வாசலிலும் கீச்சுக்கீச்சென்று. நான் எண்ணிப் பார்க்காத சந்தோஷம்.

பங்கஜத்திடம் சொன்னேன். "ஆமா, பாத்தேன்" என்றாள். கேட்டேன் என்று சொல்லவில்லை.

28 பிப்ரவரி 1984

காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த டி.பி. ஊசியால்தானாம். உயிரைக் காப்பாற்றியது, காதை எடுத்துக்கொண்டது. உச்சஸ்தாயிச் சத்தங்கள் முதலில் போகுமாம். மணி, விசில், குருவி. பேச்சு கொஞ்ச நாளைக்குக் கேட்கும், பக்கத்தில் போய் உரக்கப் பேச வேண்டும்.

பஸ்ஸில் வரும்போது எப்படிச் சொல்வதென்று தவித்தேன். அவளே என் தொடையில் தட்டினாள். "எனக்குத் தெரியுங்க. ரொம்ப நாளா தெரியும்."

பால்காரன் விஷயத்தில் அவளிடம் கத்தினேனே. சீ.

16 மார்ச் 1984

குருவியே, வந்துவிடாதே என்று இருக்கிறது இப்போது. வந்து பாடினால் நான் என்ன செய்வேன்? அவளுக்குக் காது இருந்த காலத்தில் மரத்தை வெட்டினேன். நட்டு வளர்த்தபோது காது போய்விட்டது. அன்றைக்குக் கிளையைக் கழித்தால் போதும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வெட்டினேன்.

6 ஏப்ரல் 1986

இருட்டுப் பிரியும் நேரம். வாசலில் அந்தக் குரல். பத்து வருஷம் கழித்து.

பங்கஜம் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பலாமா, வேண்டாமா என்று நின்றேன். எழுப்பினேன். சன்னலுக்குக் கூட்டிவந்து பூவரசின் உச்சியைக் காட்டினேன். வாலைத் தூக்கி, தொண்டை புடைக்க, அப்படியே அது.

"பாடுதா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"பழைய பாட்டா?"

எனக்கெப்படித் தெரியும்? அது பாடிய காலமெல்லாம் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு கிடந்தவன். அழுதுவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் காதருகே இழுத்தாள். "சொல்லுங்க. எப்படிப் பாடுது?"

காதோடு வாய் வைத்து உரக்கச் சொன்னேன். "மொதல்ல நீட்டா ஒண்ணு. அப்புறம் சின்னதா ரெண்டு. அப்புறம் மறுபடி நீட்டா—"

"இல்லீங்க" என்றாள். "சின்னது மூணு வரும். நல்லாக் கேளுங்க."

கேட்டேன். மூன்றுதான்.