ஷட்டர் சிக்கிய மதியம்

ஏப்ரல் 20, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் கொளுத்துகிறது. காற்று துளியும் இல்லை. அப்பாவுக்குச் சந்தோஷம், உப்பளப் பாத்தியில் உப்பு சீக்கிரம் இறங்கும். எனக்கு லேப்டாப் சூடாகிறது. அடியில் நான்கு பாட்டில் மூடி வைத்து உயர்த்தியிருக்கிறேன்.

வெள்ளி மதியம் இரண்டரைக்கு என் பி.எச்டி. வைவா. ஆன்லைனில். உதவித்தொகையும் விசாவும் ஒரே நேரத்தில் முடிந்து ஜனவரியிலிருந்து மரக்காணத்தில் வாசம். ஐந்து வருஷம் வெளிநாட்டில் ஓட்டிவிட்டுக் கடைசியில் அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் டாக்டர் ஆகப்போகிறேன்.

செய்ய வேண்டியது:
- நாற்பது ஸ்லைடை முப்பதாக்க
- பக்கத்து வீட்டு வைஃபை பாஸ்வேர்டு வாங்க (நம்முடையது படுத்தால்)
- வெள்ளி மதியம் மிக்ஸி ஓடக்கூடாது என்று அம்மாவிடம் சொல்ல
- நீலச் சட்டை இஸ்திரி. கீழே நைட் பேன்ட் போதும், யார் பார்க்கப்போகிறார்கள்

முதல் ஸ்லைடைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். தமிழில் வந்தால் எனக்குப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். பெரிய வளையம், அதில் எலக்ட்ரான்கள் கொத்துக் கொத்தாகச் சுற்றுகின்றன. வளைவில் திரும்பும்போது ஒளி விடும், அது சிங்க்ரோட்ரான் ஒளி. வளையத்தின் ஒரு நேர்ப் பகுதியில் காந்தங்களை வரிசையாக வைத்து இரண்டு பக்கமும் கண்ணாடி நிறுத்தினால் அதே கொத்து லேசரும் கொடுக்கும். லேசரால் சிலிக்கானை ஓர் அடி அடித்து, சிங்க்ரோட்ரான் ஒளியால் உடனே அதைப் படம் பிடிக்கிறோம். இரண்டும் ஒரே கொத்திலிருந்து பிறப்பதால் தாளம் தப்பாது. நன்றாகத்தான் வந்தது.

தம்பி ஆரோக்கியம் ஃப்ளெக்ஸ் கடையில் வேலை. பேனர் டிசைன் போனில் காட்டினான். என் பாஸ்போர்ட் போட்டோ, கீழே 'டாக்டர் ஸ்டெல்லா', பின்னால் ராக்கெட். "எதுக்குடா ராக்கெட்டு?" "சயின்ஸ்னா ராக்கெட்டுதான்க்கா, ஜனங்களுக்கு அப்பதான் புரியும்." கர்மம். வைவா முடிகிறவரை கட்டாதே என்று சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் ரெஹானா போன். கோட்டக்குப்பத்துப் பெண், பாண்டிச்சேரி காலேஜில் எனக்கு ஜூனியர். என் பேப்பரைப் படித்துத்தான் இந்தத் துறைக்கே வந்தாள். வேறு நாட்டில், வேறு வளையத்தில் பி.எச்டி. பெருநாளுக்கு வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை.

"அக்கா, நான் விட்டுடப் போறேங்க்கா. வெள்ளிக்கிழமை நம்ம டைம் அஞ்சு மணிக்குள்ள வெலகற ஃபார்ம் அனுப்பணும்."

"என்னடி உளர்ற?"

"ஒரு வருஷமா உங்க ரிசல்ட் எனக்கு வரவே மாட்டேங்குது. பன்னண்டு தடவ பண்ணிட்டேன். ஸ்டெல்லாவுக்கு வந்தது உனக்கு ஏன் வரல, உன் கைதான் சரியில்லன்னு சார் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு."

அலைன்மென்ட்டை இன்னொரு தடவை பார், பொறுமையாகப் பண்ணு, அவசரப்படாதே என்றேன். பெரிய மனுஷி மாதிரி. சரிங்க்கா என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

கரண்ட் இரண்டு தடவை போனது. மத்தி மீன் குழம்பு. ஒரு வாய் இறங்கவில்லை.

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் நிஜமா என்று தெரியும்.

பதினேழாம் ஸ்லைடுக்கு ஒரு படம் தேடி, லேபில் எழுதிய பழைய லாக் புத்தகத்தைப் போனில் எடுத்து வைத்திருந்த போட்டோக்களைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் என் கையெழுத்து. "மதியம் 2:10. ஷட்டர் சிக்கிவிட்டது. ஒப்பீட்டு அளவுக்கு லேசரையே அணைக்கச் சொன்னேன். ஸ்டெ."

பேப்பரில் அப்படி எழுதவில்லை. லேசர் எரிந்துகொண்டே இருந்தது, சிலிக்கான்மேல் படாமல் ஷட்டரால் மறைத்து ஒப்பீட்டு அளவு எடுத்தோம் என்று எழுதியிருக்கிறேன். வழக்கமாக அப்படித்தான் எடுப்போம், பழக்கத்தில் அப்படியே எழுதிவிட்டேன். ஆனால் பேப்பருக்குப் போன அளவுகள் எல்லாம் அந்த ஒரு மதியத்தில் எடுத்தவை.

எல்லாம் நினைவுக்கு வருகிறது. ஷட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. எங்களுக்குக் கிடைத்த நேரம் நான்கு மணிக்கு முடிகிறது. வளையத்தை இயக்குகிறவர் போனில் கேட்டார்: "லேசரை அணைத்துக் கொடுக்கலாம். உனக்கு அதுவும் இதுவும் ஒன்றுதானா?" ஒன்றுதான் என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பசி வேறு.

ஒன்றே இல்லை. லேசர் எரியும்போது அது எலக்ட்ரான் கொத்தையே சூடாக்குகிறது. கொத்து நீண்டுபோகும். அதிலிருந்து வரும் சிங்க்ரோட்ரான் ஒளியும் மாறும். லேசரை அணைத்தால் கொத்து மறுபடி சுருங்கும். அப்படியென்றால் எரியும்போது எடுத்ததற்கும் அணைத்து எடுத்ததற்கும் நான் கண்ட வித்தியாசம் சிலிக்கானுடையதா, கொத்துடையதா? அந்த வித்தியாசம்தான் என் தீசிஸின் நான்காம் அத்தியாயம். அதுதான் பேப்பர்.

இந்தக் கொத்து சூடாகிற சமாச்சாரத்தை இரண்டாம் அத்தியாயத்தில் நானே மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன், படத்தோடு. செருப்பால் அடிக்க வேண்டும் என்னை.

ரெஹானாவின் வளையத்தில் லேசர் தனியாக ஒரு மேஜைமேல் இருக்கிறது. அது எலக்ட்ரானைத் தொடுவதே இல்லை. அதனால்தான் அவளுக்கு வரவில்லை.

மாதாவே. அவள் கை சரியாகத்தான் இருந்திருக்கிறது.

ஏப்ரல் 22, புதன்

மேகம். அப்பா வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டே போனார். மழை வரவில்லை.

காலையிலிருந்து கணக்கு. கொத்து எவ்வளவு நீண்டது என்று வளையத்தின் கேமரா தன்பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டிருக்கும், அந்தக் கோப்பு என்னிடம் இருக்கிறது. சிலிக்கானே இல்லை என்று வைத்துக்கொண்டு, கொத்து நீண்டதை மட்டும் போட்டுப் பார்த்தேன். கிராஃபில் ஒரு கோடு வந்தது. அதை என் பேப்பர் கோட்டின்மேல் வைத்தேன். பொருந்தியது.

தப்பாக இருக்கும் என்று மறுபடி முதலிலிருந்து. அதே. மூன்றாம் தடவை. அதே. ஓரத்தில் ஏதோ துளி மிச்சம் இருக்கிறது, அது இரைச்சலா நிஜமா என்று யாராலும் சொல்ல முடியாது. மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்றால் அந்த வளையத்தில் லேசரையே கழற்றிவிட்டார்கள்.

அப்பா உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே, "ஏம்மா, மூஞ்சி ஏன் இப்பிடி இருக்குது? ரெண்டு நாளா சாப்புடலயாம், உங்கம்மா பொலம்புறா" என்றார். சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

"ஒரே எடத்துலேந்து ரெண்டு வெளிச்சம்ப்பா. ஒண்ண எரிய வுட்டா இன்னொண்ணு மாறிடுது. நான் அத பாக்காம எழுதிட்டேன்."

"ஒரே மோட்டாரு, ரெண்டு வாய்க்கா. அத தொறந்தா இதுல தண்ணி கொறயும். அதானே?"

"அதேதான்."

"இதுக்காம்மா அஞ்சு வருஷம்?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "யாருக்குனா கெடுதலா இதுனால?"

"கோட்டக்குப்பத்து ரெஹானாவுக்கு."

"அந்த பெருநாளைக்கு பிரியாணி குடுத்தனுப்பிச்ச புள்ளயா?"

ஆமாம் என்றேன். அம்மாவிடம் மோர் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பே.வுக்கு (என் பேராசிரியர், நல்ல மனுஷர்தான்) மெயில் எழுதினேன். இரண்டு கோடு, லாக் பக்கம், எல்லாம் இணைத்து. அனுப்பு பட்டனில் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தேனோ. அம்மா வந்து "கரண்ட் போவப்போவுது, சீக்கிரம் முடி" என்றாள். அனுப்பினேன். கரண்ட் போகவில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

காலை பதினொன்றரைக்கு பே. வீடியோவில் வந்தார். அவருக்கு அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான், காப்பிக் கோப்பையோடு இருந்தார். சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"நீ சொல்வது சரியாக இருக்கலாம், ஸ்டெல்லா. எனக்கும் அப்போதே லேசாக ஒரு சந்தேகம் இருந்தது. நாளைக்குக் கேட்டால் சொல். கேட்காவிட்டால் நீயாக எடுக்காதே. பட்டம் கைக்கு வரட்டும், அப்புறம் மெதுவாக ஒரு திருத்தம் போட்டுக்கொள்ளலாம்."

"ரெஹானா வெள்ளிக்கிழமையோடு விலகப்போகிறாள்."

"யார் அது?" என்றார்.

சந்தேகம் இருந்ததாம். லேசாக இருந்ததாம். வீடியோ முடிந்ததும் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என்மேல்தான் அதிகக் கோபம், அவர்மேல் கொஞ்சம்.

மதியம் பாண்டி பஸ். ஜன்னலோரம் வெயில். முன்சீட்டில் ஒரு அம்மா யாருக்கோ போனில், "அவ வந்தா நான் வரமாட்டேன், எழுதி வச்சிக்கோ" என்று பொம்மையார்பாளையம்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். கோட்டக்குப்பத்தில் இறங்கினேன்.

ரெஹானாவின் அம்மா டீயும் சமோசாவும் வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க சொன்னா கேப்பாம்மா. படிப்ப வுடாதன்னு எடுத்துச் சொல்லுங்க. அவ அத்தா துபாய்லேந்து டெய்லி போன்ல கத்துறாரு, படிக்கலன்னா நிக்காஹ் பேசிடறேங்கறாரு." அவர் உள்ளே போகும்வரை சமோசாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெஹானா தன் நோட்டுகளைக் காட்டினாள். பன்னிரண்டு தடவை, பன்னிரண்டு நோட்டு. என் லாக் புத்தகத்தைவிட ஆயிரம் மடங்கு சுத்தம். ஒவ்வொன்றின் கடைசியிலும் சிவப்பு மையில் ஒரே வரி: வித்தியாசம் இல்லை. பன்னிரண்டாவதில் அந்த வரிக்குக் கீழே, என்னால் முடியவில்லை என்று தமிழில் எழுதியிருந்தாள்.

"பன்னண்டும் சரிடி. எனக்கு வந்ததுதான் தப்பு" என்றேன். போட்டோவைக் காட்டினேன், கோடுகளைக் காட்டினேன். அவளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டாள்.

"எப்ப தெரியும்?"

"செவ்வாக்கிழமை."

"இன்னிக்கு வியாழன்க்கா."

"ஆமா."

"ரெண்டு நாளு." நோட்டுகளை ஒவ்வொன்றாக மூடினாள். பிறகு, "ஒரு வருஷமா எங்கைய நானே பாத்துப் பாத்து... தொழுகைல கூட அதாங்க்கா துஆ கேட்டேன், எங்கைய சரி பண்ணுன்னு. திங்கக்கிழமை கூட அலைன்மென்ட் பாருன்னீங்களே."

மன்னிப்புக் கேட்டேன். கேட்டது அவளுக்குக் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"எங்கிட்ட வந்து சொல்லி என்ன பிரயோஜனம்? எங்க சார்கிட்ட யாரு சொல்றது? நாளைக்கு அங்க, அவங்க முன்னாடி சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"பாப்போம்" என்றாள்.

எப்போதும் பஸ் ஸ்டாப்வரை கூட வருவாள். இன்று வாசற்படியோடு நின்றுவிட்டாள்.

ஏப்ரல் 24, வெள்ளி

மேற்கிலிருந்து கச்சான் காற்று, புழுக்கம். தம்பி காலையிலேயே பஸ் ஸ்டாண்ட் பக்கம் பேனரைக் கட்டிவிட்டு வந்து நிற்கிறான். ராக்கெட்டோடு. "டேய், முடியட்டும்னு சொன்னேன்ல?" "கடையில மத்தியானம் லீவு தர மாட்டாங்கக்கா." அம்மா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். அடுப்படியில் ஒரு கிலோ ஜிலேபிப் பெட்டி.

3:50. என்னை ஆன்லைன் வெயிட்டிங் ரூமில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். கலந்து பேசுகிறார்களாம். எழுதிக்கொண்டிருந்தால் பரவாயில்லை.

யாரும் கேட்கவில்லை. முப்பது ஸ்லைடும் ஓடின, ஒருவரும் அதைத் தொடவில்லை. கடைசியில் வெளித் தேர்வாளர், நரைத்த அம்மா ஒருவர், "நான்காம் அத்தியாயத்துக்கு உயிரே அந்த மறைத்து எடுத்த ஒப்பீட்டு அளவுதான். அதைச் செய்ததற்காகப் பாராட்டுகிறேன்" என்றார். பே. தன் கட்டத்துக்குள் தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

நன்றி என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். நன்றி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சிவப்பு மை கண்ணுக்குள்ளேயே நின்றது.

"நான் மறைக்கவில்லை. ஷட்டர் சிக்கிவிட்டது, லேசரை அணைக்கச் சொன்னேன். பேப்பரில் இருப்பது தவறு" என்றேன். லாக் பக்கத்தைத் திரையில் போட்டேன். இரண்டு கோடுகளையும் போட்டேன். ரெஹானாவின் பெயரைச் சொன்னேன், முழுப் பெயர், எந்த வளையம், பன்னிரண்டு தடவை, அவள் கண்டதுதான் சரி. ஒருவரும் அசையவில்லை. நெட் நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை.

கதவுக்கு வெளியே தம்பி குசுகுசுவென்று, "முடிஞ்சுதா? பிரிக்கலாமா?" அம்மா, "இருடா."

கூப்பிடுகிறார்கள்.

4:30. நான்காம் அத்தியாயம் போச்சு. பேப்பருக்குத் திருத்தம் அனுப்ப வேண்டும். மற்றதைத் திருத்தி எழுதி ஆறு மாதம் கழித்து மறுபடி வைவா. நரைத்த அம்மா மட்டும் கடைசியில், "அந்தப் பெண்ணின் நோட்டுகளைப் பார்க்க விரும்புகிறேன்" என்றார். பே. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை, கேமராவை அணைத்துவிட்டார்.

"அப்ப இன்னும் டாக்டர் இல்லியா?" தம்பி.

"ஆறு மாசம் ஆவும்."

"பேனரு?"

"அவுத்துடு."

அம்மா அடுப்படியில் முந்தானையால் மூக்கைச் சிந்துகிறாள். அப்பா ஜிலேபிப் பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு தம்பியோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

4:40. ரெஹானாவுக்கு, "சொல்லிட்டேன்" என்று மெசேஜ் போட்டேன். நீல டிக் விழுந்தது. டைப் செய்கிறாள், நிறுத்துகிறாள், மறுபடி டைப் செய்கிறாள்.

"ஃபார்ம காலைலயே அனுப்பிட்டேங்க்கா. நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன்."

ஒரு நிமிஷம் கழித்து இன்னொன்று வந்தது.

"அந்த லாக் போட்டோவ அனுப்புங்க. அஞ்சு மணிக்குள்ள சார்கிட்ட காட்டி திருப்பி வாங்கப் பாக்கறேன். தெளிவா இருக்கணும்."

பெரிதாக்கிப் பார்த்தேன். மணி, ஷட்டர், அணைக்கச் சொன்னேன், ஸ்டெ. என் கையெழுத்து நன்றாகவே தெரிகிறது. அனுப்பிவிட்டேன். 4:46.