என் காதுக்குள் கத்திய கத்தாழை

மச்சான்,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் மறைத்தாலும் நம் தோணிரேவு ஆட்கள் உன்னைப் புதைத்த மேடுவரை நடந்து வந்து சொல்லிவிட்டுத்தான் போவார்கள். முந்தாநாள் நம் ஊருக்குப் பாடு. மற்ற ஊர்கள் ஒதுங்கி நிற்க, நம் வலை மட்டும் ஏரியில் இறங்கும் முறைநாள். துடுப்பில் காதை வைத்து மீன் சத்தம் கேட்டவன் நான். "கத்தாழை! இங்கதான்! எறக்குங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தியவனும் நான். பதினோரு படகும் வலையை இறக்கின. மூன்று முறை இறக்கின. வந்தது சேறு, ஒரு கிழிந்த ஓலைப்பெட்டி, கோபத்தில் இருந்த ஒரு நண்டு. கத்தாழை மீன் கத்தியது ஏரியில் இல்லை, மச்சான். என் காதுக்குள்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரி என்னோடு பேசுவதில்லை. ஆனால் வேளை தவறாமல் என் காதில் விடப் பூண்டெண்ணெய் காய்ச்சுகிறாள். இப்போதும் காய்ச்சுகிறாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். "இன்னா மச்சான், காதுல தாளிச்சிகினு வந்துட்டியா?" என்று படகில் ஏறும்போதே கேட்பாயே, அந்தக் குரலோடு. அதனால்தான் எழுத்தாணியை எடுத்தேன். குனிந்து எழுதினால் கழுத்து பிடித்துக்கொண்டு காதின் இரைச்சல் ஏறுகிறது. மல்லாந்து படுத்து, ஓலையை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்தாணி இரண்டு முறை மூக்கில் விழுந்துவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இருபது வருஷம் நாம் இருவரும் இந்த ஊரின் காதாக இருந்தோம். துடுப்பின் அலகைத் தண்ணீரில் விட்டு, பிடியில் காதை வைத்து, படகின் ஓரத்தில் ஒருக்களித்துத் தொங்கிக்கொண்டு கிடப்போம். கத்தாழைக் கூட்டம் வந்தால் அடியில் கொர்கொர் என்று சத்தம் மரத்தின் வழியாக ஏறிவரும். ஒருவன் கேட்டால் போதாது, இரண்டு பேரும் "கீது" என்றால்தான் வலை இறங்க வேண்டும் என்பது ஊர்க்கட்டு. உன் இடத்துக்கு இன்னும் ஆள் வைக்கவில்லை. என் ஒரு காதே போதும் என்று ஊரே நம்பிவிட்டது. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எனக்கு இரைச்சல் ஆரம்பித்தபோது கப்பலேறி வந்த வெள்ளைக்காரர்களான உலாந்தாக்காரர் கோட்டைப் பீரங்கியைத்தான் திட்டினேன். ஏதோ கப்பல் வந்ததென்று அன்று ஒன்பது முறை வெடித்தார்கள். மறுநாள் காலையில் காதுக்குள் ஒரு சில்வண்டு குடியேறியிருந்தது. கோட்டை வைத்தியரிடமே போனேன். அவர் ஒரு குழாயை வைத்துப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். அதைத் தமிழில் மாற்றிச் சொல்லும் துபாஷி, "காதுக்குள்ள ஒண்ணும் இல்லியாம்" என்றான். தலைக்குள்ளும் ஒன்றுமில்லை என்று சேர்த்துச் சொல்லாதது அவருடைய மரியாதை.

உண்மையைக் கண்டுபிடித்தவன் நீதான். ஒருநாள் படகில் நான் கழுத்தை நெட்டி முறித்துக்கொண்டே, "இப்டித் திருப்பினா கொறையுது, அப்டித் திருப்பினா கத்துது" என்றேன். நீ துடுப்பைப் போட்டுவிட்டு என் தலையைத் தேங்காய் பார்ப்பதுபோல் இரண்டு கையிலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"இது காதுக் கோளாறு இல்ல மச்சான். கழுத்துக் கோளாறு. இத்தினி வருசமா ஒரே பக்கம் தொங்கறியே, அது சும்மா இருக்குமா? கழுத்துல வலிக்குது, காதுல வந்து கத்துது."

"அப்ப கழுத்தை வெட்டிடலாமா?"

"வெட்னா உன் வாயும் நின்னுடும். ஊருக்கு நல்லதுதான்."

பிறகு என் பிடரிக்குக் கீழே இரண்டு விரலை வைத்து அழுத்தி, தாடையை லேசாகத் தூக்கினாய். சில்வண்டு நின்றது. முழுதாக இல்லை, பத்து மூச்சு அளவுக்கு. அந்தப் பத்து மூச்சில் நான் ஏரியைக் கேட்டேன். அழுதுவிட்டேன். தண்ணீர் தெறித்தது என்று உன்னிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு அதுவே நம் தொழில்முறை ஆனது. நீ என் கழுத்தைப் பிடிப்பாய், நான் கேட்பேன். பிறகு நீ உன் துடுப்பில் காதை வைப்பாய். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்துவிட்டு, "கீது" என்பாய், அல்லது "வேணாம், வா" என்பாய். மற்ற படகுக்காரர்கள் நாம் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்து அடித்த கேலியெல்லாம் இங்கே எழுத லாயக்கில்லை.

போன மாசியில் மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். அதே இடத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன், கை எட்டவில்லை. வீட்டுக்காரியை அழுத்தச் சொன்னேன், அவள் இத்தனை வருஷக் கோபத்தையும் சேர்த்து அழுத்தினாள். நாவிதர் கழுத்தில் நெட்டி முறித்துவிட்டார். துண்டைக் கட்டி உத்தரத்தில் தலையைத் தொங்கவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி தப்பாக நினைத்துக் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டினாள். சிரிக்கிறாய். சிரி. ஒருநாள் மதியம் ஏரி கண்ணாடிபோல் கிடந்தது. கழுத்தளவு தண்ணீருக்குப் போய், உள்ளேயாவது இரைச்சல் ஓய்கிறதா பார்க்கலாம் என்று தலையை முக்கினேன். அது எனக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. சாப்பிடும்போது, பேசும்போது, பேத்தியைத் தூக்கும்போது, எப்போதும் இருக்கிறது. கழுத்து இறுகிவிட்டால் சில்வண்டு குரலை மாற்றிக்கொண்டு கொர் என்கிறது. அப்படியே கத்தாழை. முந்தாநாள் நடந்தது அதுதான். முப்பது வீட்டில் உலை ஏறவில்லை.

இன்று சாயங்காலம் கூட்டம். ஊர்ப்பெரியவர் ஆள் அனுப்பியிருக்கிறார். "அடுத்த பாடு வந்தா நீ கேக்கறியா, இல்ல வேற ஆள் பாக்கட்டுமா, ஒரே பதிலாச் சொல்லு" என்றாராம். காதைவிட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது, மச்சான். வலை இழுத்தால் கழுத்து போகும், படகு தள்ளினால் கழுத்து போகும். இருந்தாலும் என்ன சொல்வதென்று முடிவு செய்துவிட்டேன். "நல்ல காது என்னுது இல்ல, மச்சானோடது. அவன் சரி பாத்ததாலதான் இத்தினி நாள் வண்டி ஓடுச்சு. என்னை எறக்கிடுங்க." இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். உன் விரல் பட்ட இடம் மட்டும் பிடரியில் இன்னும் இதமாக இருக்கிறது. மிச்சமெல்லாம் இரைச்சல்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, வந்தாள். கூட்டத்தில் பேசப்போவதை அவளிடம் ஒத்திகை பார்த்தேன். மச்சான் மட்டும் முந்தாநாள் படகில் இருந்திருந்தால் "வேணாம், வா" என்று தடுத்திருப்பான் என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தால் சிரிப்பு.

"ண்ணா, அவரு எங்க கேட்டாரு? உன் மூஞ்சியப் பாத்துத்தான் சொல்வாரு. நீ தெம்பா இருந்தா கீதுன்னுவாரு, முழிச்சின்னா வேணாம்னுவாரு. சின்ன வயசுல அம்மை போட்டதுல இருந்து அவருக்கு வலது காது சுத்தமாக் கேக்காது."

துடுப்பில் நீ எப்போதும் வைத்தது வலது காதைத்தான்.