செல்வியின் ஈறும் என் லேகியமும்

தை 3, செவ்வாய்

பனி. எதிரே மிளகுக்கொடி கூடத் தெரியவில்லை. பெரியவன் மகன் அரைப்பரீட்சையில் வகுப்பில் முதல். அவன் தங்கைக்குக் கோலப் போட்டியில் எவர்சில்வர் தட்டு. சின்னவன் மகள் இங்கிலீஷ் பாட்டு முழுதும் நிறுத்தாமல் சொல்கிறாள். மகள் செல்விக்குப் பிறந்தவன் பேரப்பிள்ளைகளில் கடைக்குட்டி. ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் விளக்கைப் பார்த்துச் சிரிக்கிறான்.

செல்விதான் சரியாகச் சாப்பிடவில்லை. "ஈறு வலிக்குதுங்கம்மா." துப்பினால் ரத்தம். பச்சை உடம்பு, சூடு. ஏழாம் மாதம் ரத்தம் கண்டபோதே பல் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். ரத்தம் வருகிற இடத்தைத் தேய்த்தால் இன்னும்தானே வரும்.

நாளைக்கு: பூண்டு உரிக்க. லேகியம் தீர்ந்தது, மறுபடி கிண்ட. கருப்பட்டி போதாது.

தை 5, வியாழன்

வெயில். பிள்ளைத் துணி எல்லாம் காய்ந்தது. ஆரஞ்சு இரண்டு கூடை அடிவாரத்துக்குப் போனது. செல்வி கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சொளை குடுங்கம்மா."

"சளி புடிக்கும் கண்ணு. உனக்கில்ல, புள்ளைக்கு."

லேகியம் உருட்டிக் கொடுத்தேன். எப்போதும் போல இடது கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். மெல்லக் கரைந்தால்தான் சத்து சேரும். என் அம்மா எனக்குச் செய்தது.

பக்கத்து வீட்டு மாரியக்கா வந்தாள். "ஏனுங்க, உங்க புள்ள வாயில முந்தானைய வெச்சுக்கிட்டே பேசுது. மாமியா ஊட்டுப் பழக்கமுங்களா?" சிரித்துவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தை 7, சனி

திருச்சியிலிருந்து மாப்பிள்ளை, காமிராவோடு. வாசற்படியில் செல்வியையும் பிள்ளையையும் உட்கார வைத்துப் படம். சிரி சிரி என்கிறார். உதட்டை இறுக்கிக்கொண்டாள். "பூட்டுன ஊடாட்டம் இருக்குது" என்று எங்கள் வீட்டுக்காரர்.

உள்ளே போய் அழுதாள். இடப்பக்கம் ஒரு பல் ஆடுகிறதாம். விரல் வைத்துப் பார்த்தேன். ஆடுகிறது. இந்த வயதில். எனக்கும் மூன்றாவது பிரசவத்தோடு இரண்டு பல் போனது. பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். செல்வி சிரித்தால் எவ்வளவு அழகு.

சேலத்தில் காட்டலாம் என்றார் மாப்பிள்ளை. மாதம் முடியாமல் படி தாண்டக் கூடாது என்றேன். வீட்டுக்காரர் விடவில்லை. "மாசம் முடிஞ்சா பல்லு முளைக்குமா?"

தை 9, திங்கள்

சேலம் போய் வந்தோம். செல்வி காதில் பஞ்சு, தலையில் துண்டு. கொண்டை ஊசி வளைவு எல்லாம் பிள்ளை தூங்கினான். சமத்து.

பல் டாக்டரம்மா சின்ன வயது. "பல்லு தேய்க்கறதில்லையா?"

"ரத்தம் வருதுன்னு நாந்தானுங்க நிறுத்துனேன்."

"தேய்க்காததாலதாம்மா வருது. அழுக்கு காரையாட்டம் படிஞ்சிருக்கு."

இடப்பக்கம் மட்டும் ஏன் வீக்கம் அதிகம், அங்கே என்ன வைக்கிறாய் என்று கேட்டாள். செல்வி என்னைப் பார்த்தாள். நானே சொன்னேன், லேகியம் என்று.

திட்டவில்லை. இனிப்பு ஈறோரம் தங்கினால் கிருமிக்கு விருந்தாம். லேகியத்தை விழுங்கிவிட்டு வாய் கொப்பளிக்க வேண்டும். பிரஷ் மெத்தென்று, காலை ஒரு தரம், படுக்கும் முன் ஒரு தரம். ரத்தம் வந்தாலும் மெதுவாகத் தேய்க்க. கரி, செங்கல்பொடி வேண்டாம். கீரை, ஆரஞ்சு தாராளமாக.

"ஆரஞ்சு தின்னா புள்ளைக்குச் சளி..."

"அதெல்லாம் வராது. மலையில வெச்சுக்கிட்டு மகளுக்குக் குடுக்காம எங்களுக்கு அனுப்பறீங்களே."

காரையைச் சுரண்டி எடுத்தாள். பல்லைப் பிடுங்க வேண்டுமா என்றதற்கு, இப்போது வேண்டாம், ஈறு ஆறினால் இறுகலாம் என்றாள். இறுகலாம். அதையே பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தேன்.

தை 10, செவ்வாய்

ஒரு சுளை. நார் எடுத்து நானே ஊட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு தின்றாள், சின்ன வயதில் போலவே.

நாள் முழுதும் பிள்ளையின் மூக்கையே பார்த்தேன். ஒரு தும்மல். பயந்துவிட்டேன். "புள்ள தும்மறதுக்கும் உன்ற உத்தரவு வேணுமா?" என்றார் வீட்டுக்காரர். சளி இல்லை. சாயங்காலம் பாதிப் பழம்.

தை 24, செவ்வாய்

காற்று. காப்பிக்கொட்டை காயவில்லை. மறுபடி சேலத்தில் காட்டினோம். இரண்டு நாளாக ரத்தம் இல்லை. டாக்டரம்மா பல்லை அசைத்துப் பார்த்து "நிக்கும்" என்றாள். தேய்ப்பதை மட்டும் விடக் கூடாதாம். எனக்கும் ஒரு பிரஷ் வாங்கினேன். மீதி இருப்பதாவது இருக்கட்டும்.

மாசி 12, வெள்ளி

செல்வி திருச்சி போய் வாரம் ஆகப்போகிறது. கூட ஒரு கூடை ஆரஞ்சு கட்டிவிட்டேன். வீடு நொம்பப் பெரிதாகத் தெரிகிறது.

தபாலில் அன்றைக்கு எடுத்த படம் வந்தது. பிள்ளை முகம் நிலா. செல்வி வாய் இறுக்கியபடி. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட மனமில்லை, பெட்டிக்குள் வைத்தேன். செல்விக்குக் கார்டு எழுதினேன்: சாமி, பல் எப்படி இருக்கிறது என்று நீ எழுத வேண்டாம். வாயைத் திறந்து சிரித்து ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு.