மூணு தேசத்து ‘ஆர்’

அக்கா,

கடுதாசியைக் கிழிச்சிடாத, ஒரு அதிசயம் கேளு! மொழியியல் படிக்கிற என் மக காலையில போன் பண்ணுனா. ‘ஆர்’னு ஒரு சொல்லாம். ஹங்கேரிக்காரங்களுக்கு அது வெள்ளம், ஐஸ்லாந்துக்காரங்களுக்கு வருஷம், அயர்லாந்துக்காரங்களுக்கு ‘நம்ம’! எழுத்து ஒண்ணு, ஆனா வேர் வேற வேறயாம். ஒண்ணுக்கொண்ணு ஒட்டும் இல்ல, ஒறவும் இல்லயாம். ஆனா எனக்கு அந்த மூணும் நம்ம கதையாவே பட்டுச்சு.

ஓடை வெள்ளம் நம்ம ரெண்டு காட்டுக்கும் நடுவுல இருந்த வரப்பை அடிச்சிக்கிட்டுப் போயி வருஷம் ஒண்ணாச்சு. நான் சர்வேயரைக் கூட்டியாந்து கல்லு நட்டதைப் பத்தி இப்ப எழுதல.

போனை வெச்சதும் காட்டுக்கு ஓடுனேன். ஆளுங்க ராகிக்கு நடுவுல மொச்சை வெதைக்க ஏர்ச்சால் ஓட்டிக்கிட்டிருந்தாங்க. “கல்லுக்கிட்ட ஏரைத் திருப்பாதீங்க, நேராப் போங்க”ன்னுட்டேன். தரிசாக் கிடந்த உன் காட்டுக்குள்ளயும் பூந்து, உன் கிணத்தடி வரைக்கும் ஒரே சாலு அக்கா! வெதை என்னுது. உன் பக்கம் காய்க்கிறது பூரா உன்னுது.

கேக்காம ஓட்டுனது தப்புதான். கோவம் வந்தா நேர்ல வந்து திட்டு. நீ திட்டியும் ஒரு வருஷமாச்சு.

உன் கூடப் பொறந்தவ